அடக்கமான முகம்

அம்பத்தூர் வீட்டு ஆல்பத்தில், அம்மாவுக்கு வரன் பார்க்க ஸ்டுடியோவில் எடுத்த படம் இருக்கிறது. இரவல் பட்டுப்புடவை, தீட்டிய திரைச்சீலை, சற்றே தாழ்ந்த முகம். பார்த்தவர்களெல்லாம் அதை நாணம் என்றார்கள். பயமாக இருந்திருந்தாலும் படத்தில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

இதை எனக்கு உணர்த்தியது, புஷ்பமாலா என். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000-04இல் உருவாக்கிய 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' தொடர். ரவிவர்மாவின் நாயகி, காலனிய மானிடவியல் பாணியில் கட்டம்போட்ட திரைமுன் நிறுத்தப்பட்ட தோடர் பெண், போலீஸ் படத்துக் 'குற்றவாளி' என எல்லாமாகவும் புஷ்பமாலாவே நிற்கிறார். முகம் ஒன்றுதான். வேடம் மாற மாற நமக்கு ஏக்கம், அச்சம், கள்ளத்தனம் என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அவற்றில் பாதி நாம் கொண்டுபோனவை.

ஒரு குறையும் உண்டு. புஷ்பமாலா வேடத்தைக் களைந்துவிடலாம். அன்று கேமராமுன் நிறுத்தப்பட்ட தோடர் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவள் மனதில் இருந்ததை இத்தொடரும் சொல்வதில்லை.

ஆனாலும் இப்போது ஆல்பத்தைப் புரட்டினால் "எவ்வளவு அடக்கம்!" என்று சொல்ல வாய் வருவதில்லை. அன்று என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று அம்மாவிடமே கேட்கத் தோன்றுகிறது.