முதற் கேள்வி

கேள்வி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செவியால் கேட்டறிவதும் கேள்வி. பிறரை வினவுவதும் கேள்வி. வள்ளுவர் முன்னதற்கே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் மேனாட்டுப் பாடல் ஒன்று உண்டு. பாப் டிலன் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்பதே அது. ஒருத்தியை முன்னிறுத்தித் திரும்பத் திரும்ப வினவுவது அப்பாடல். அதனைக் கேட்டோரோ, தாம் முதன்முதல் கேட்ட நாளையே சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். அந்நினைவுகளைப் பாடலுக்குரிய உரையாகக் கொள்ளத் தகுமா?

அவற்றுள் புகழ்பெற்றது, பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1988இல் டிலனைப் பாராட்டிய மேடையில் கூறியது. 15 வயதுச் சிறுவராக அன்னையுடன் காரில் சென்றபோது வானொலியில் அதனைக் கேட்டாராம். முதலில் வந்தது சொல்லன்று. டிரம்மின் ஒற்றை அடி. மனக்கதவை யாரோ உதைத்துத் திறந்தது போலிருந்ததாம். அன்னையார் சிறிது கேட்டுவிட்டு, இந்த ஆளுக்குப் பாட வராது என்றார். மகன் எதிர்த்துப் பேசவில்லை. அன்னை சொன்னது தவறு என்று மட்டும் உள்ளூர அறிந்திருந்தார். (வானொலிப் பெட்டியருகே இக்காட்சி அரங்கேறாத வீடு நம்மிடையே உண்டோ?) பிறகு ஓடிச்சென்று இசைத்தட்டை வாங்கிவந்து சுழலவிட்டால், ஒலித்தது வேறொருவர் பாட்டு! தட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டுத்தான் மாறியிருந்தது. மீண்டும் கடைக்கு ஓடினார்.

பிறர் நினைவுகள் பெரும்பாலும் பாடலின் நீளத்தைப் பற்றியவை. 3 நிமிடப் பாடல்களே வானொலிக்கு உகந்தவை என்றிருந்த காலத்தில் இது 6 நிமிடத்தைத் தாண்டிற்று. வானொலியாருக்கு அனுப்பிய தட்டில் பாடலை இரு பக்கமாகப் பிளந்துவைத்தனர். ஜான் லென்னன் இல்லத்தில் கேட்ட பால் மெக்கார்ட்னிக்கோ, அது முடிவின்றி நீள்வதாகவே தோன்றிற்றாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. காரும், அன்னையும், டிரம் அடியும், நீளமும் நினைவில் நிற்கின்றன, பாடற்பொருள் நிற்கவில்லை. பொருளோ கடியது. செல்வத்தில் திளைத்த ஒருத்தி தெருவுக்கு வந்துவிட்டாள். இப்போது எப்படி இருக்கிறது என்று அவளைக் குத்திக் கேட்பதே பாடல். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் இளிவரலும் வெகுளியும் அதில் விளங்கக் காண்கிறோம். கேட்டோர் உற்றதோ விடுதலை பெற்றாற்போன்ற உவகை. இம்முரண் எங்ஙனம் நேர்ந்தது?

விடை இசையில் உள்ளது. சொற்கள் வீழ்ச்சியைச் சொல்ல, அவற்றின் கீழே கிட்டார்ச் சுரக்கூட்டுகள் படிப்படியாக ஐந்து நிலை மேலேறுகின்றன. கேட்பவன் சொல்லோடு இறங்காமல் இசையோடு ஏறிவிடுகிறான். ஆர்கன் வாசித்த அல் கூப்பர் 21 வயதுக் கிட்டார்க் கலைஞர். ஜூன் 16ஆம் நாள் ஒலிப்பதிவைப் பார்க்க வந்தவர், ஆர்கன்முன் அமர்ந்துவிட்டார். பாடல் அவருக்குப் பழக்கமில்லை. பிறர் வாசிப்பதைச் செவிமடுத்த பின்னரே விரலை அழுத்தினார். ஆதலின் ஆர்கன் தாளத்திற்கு ஒரு நூலளவு பிந்தியே ஒலிக்கிறது. பாடலை முதன்முதல் கேட்பவனின் தயக்கமும் வியப்பும் அத்தட்டிலேயே பதிந்துவிட்டன எனின் மிகையன்று. மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் புதுமையை முதலில் வைத்த தொல்காப்பியர் இதனை ஒப்புவார்.

எனவே முதல் நினைவுகள் இசைக்கு உண்மையானவை என்பதே என் துணிபு. பாடலை இலக்கியமாக மட்டும் ஆராய்வோர் தவறவிடுவதை அவை பற்றிக்கொள்கின்றன. ஆயினும் என் மனம் முழுதும் ஒப்பவில்லை. 15 வயதில் எவனும் வினவுபவன் பக்கமே நிற்பான். வினவப்பட்டவள் விடை கூறப் பாடலில் ஓர் அடிகூட இடமில்லை. நான் படித்த நினைவுரைகளுள் ஒன்றிலேனும் அவளைப்பற்றிப் பேச்சில்லை.