சித்தியெய்திய மாணவியும் மறைந்த உழைப்பும்

கவனக்குறைவையும் மிகையியக்கத்தையும் ஒருங்கே சுட்டும் ஏ.டி.எச்.டி. எனும் நிலை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளின் கோளாறாகவே கருதப்பட்டு வந்தது. 1902இல் லண்டனில் மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டில் தமது விரிவுரைகளில் விவரித்த பிள்ளைகளுள்ளும் சிறுவரே மிகுதி. வகுப்பைக் குழப்பிய சிறுவன் மருத்துவரிடம் அனுப்பப்பட்டான். யன்னலோரம் மௌனமாகக் கனவு கண்டிருந்த சிறுமியோ 'நல்ல பிள்ளை' ஆனாள். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் தனது 3ஆம் பதிப்பில், மிகையியக்கமின்றியும் கவனக்குறைவு நிலவலாம் என ஏற்ற பின்னரே அச்சிறுமி கோட்பாட்டளவிலேனும் தென்படலானாள்.

இப்பின்னணியிலேயே, அமெரிக்க உளச்சிகிச்சையாளர் சாரி சோல்டன் கவனக்குறைபாடுள்ள பெண்கள் பற்றி 1995இல் வெளியிட்ட நூலை நாம் நோக்குதல் வேண்டும். வீட்டை ஒழுங்காகப் பேணுபவள், பிறர் தேவைகளை நினைவிற் கொள்பவள் எனப் பெண்மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பே அவளது தடுமாற்றத்தை அவமானமாக்குகின்றது என்று காட்டியமை அந்நூலின் தலையாய சிறப்பு. கோளாற்றை மூளைக்குள் மாத்திரம் தேடாது சமூக உறவுகளுள்ளும் தேடிய அந்நோக்கு எமக்கு உடன்பாடானதே.

ஆயின் நூலின் உபதலைப்புக் குறிப்பது வீட்டையும் வேலைத்தலத்தையுமே. முரண்பாடு கூர்மையடையும் களம் பல்கலைக்கழகம் என்பது எமது கருத்து. அமெரிக்கப் பாடசாலைகளிற் குறைபாடுள்ள பிள்ளையை இனங்காணுதல் கல்வி நிருவாகத்தின் கடமை. உயர்கல்வியிலோ, 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டமும் உரிமை வழங்கினும், அதனைக் கோரும் பொறுப்பு மாணவியுடையது. அவளே உரிய அலுவலகத்தை நாடித் தன்னிலையை வெளிப்படுத்தல் வேண்டும். நிபுணரின் மதிப்பீட்டறிக்கையும் பெரும்பாலும் கோரப்படும். படிவங்களையும் தவணைகளையும் கையாள்வதிலேயே இடர்ப்படுபவளுக்குப் படிவங்களும் தவணைகளுமே வாயிற்காவலர்! மதிப்பீட்டுச் செலவும் பெரும்பாலும் அவளதே. வர்க்கவேறுபாடு இவ்விடத்திற் புகுந்துவிடுகின்றது. தனிமனித உளச்சிகிச்சையின் எல்லைக்குள் நின்று எழுதப்பட்ட நூலில் இப்பரிமாணம் மையப்பொருளாகாமை வியப்பன்று.

இன்னொன்றும் உண்டு. பிறர் ஒருமுறை வாசித்ததை நான்குமுறை வாசித்து, உறக்கத்தை விலையாகக் கொடுத்துச் சித்தியெய்தியவளிடம், 'இத்தனை புள்ளி பெற்ற உமக்கு என்ன குறை?' எனக் கேட்பதுண்டு. அவள் உழைப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகின்றது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது, மருந்தின் பயனையும் ஒருவர் கற்றுக்கொண்ட ஈடுசெய் பழக்கங்களின் பயனையும் கழித்தே குறைபாட்டை மதிப்பிடல் வேண்டும் என விதிக்கப்பட்டது. சோல்டனின் நூல் வெளிவந்து 13 ஆண்டுகளின் பின்னரே சட்டம் அவ்விரவுகளைக் கணக்கிற் கொண்டது.