சுவரில் மாட்டிய பெண்கள்

நம் வீட்டுச் சுவரில் ஒரு பெண் ஏறுவதற்கு நெடுங்காலமாக மூன்று வழிகளே இருந்தன. தெய்வமாக ஏறலாம். மணப்பெண்ணாக, கணவன் பக்கத்தில் நின்றபடி ஏறலாம். இறந்தபின் மாலை போட்ட படமாக ஏறலாம். இப்போது நான்காவதாக ஒரு வழி திறந்திருக்கிறது: பெயர் தெரியாத ஓர் ஓவியப் பெண்ணாக, ஹால் சோபாவுக்கு மேலே, மெல்லிய கறுப்புச் சட்டத்துக்குள் ஏறலாம்.

நவீன ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. இணையக் கடைகளில் அவற்றை நிறம், அளவு, அறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். திரைச்சீலைக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குகிறோம். இதை ரசனைக் குறைவு என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அசல் ஓவியம் வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அம்ரிதா ஷெர்கில்லை அசலில் பார்க்க வேண்டுமென்றால் டெல்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போக வேண்டும். கொகேனைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். விருதுநகரிலோ வவுனியாவிலோ படிக்கும் ஒரு மாணவிக்கு அச்சுப் பிரதிதான் ஓவியம். ஆகவே பிரதி போலியா என்பது என் கேள்வி இல்லை. அசலிலிருந்து நம் வீட்டுச் சட்டத்துக்கு வந்து சேரும் வழியில் எது உதிர்ந்துபோகிறது என்பதே கேள்வி.

பால் கொகேனிலிருந்து தொடங்கலாம். அவருடைய தஹிதித் தீவுப் பெண்கள் உலகெங்கும் வரவேற்பறைகளில் தொங்குகிறார்கள். பழுப்பு உடல், சிவப்புத் துணி, மஞ்சள் மணல்: சுவருக்கு இதமான நிறங்கள். கொகேன் 1891இல் தஹிதிக்குப் போனபோது அவருக்கு வயது 43. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் ஐரோப்பாவில் இருந்தார்கள். தீவில் அவர் 'மனைவி'யாக்கிக்கொண்ட தெஹாமனாவுக்கு வயது ஏறத்தாழ 13. இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. 'நோவா நோவா' நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1892இல் அவர் வரைந்த 'மனாவோ துபாபாவு' ஓவியத்தில் படுக்கையில் குப்புறக் கிடந்து, அச்சத்தோடு நம்மைப் பார்க்கும் நிர்வாணச் சிறுமி அவள்தான்.

தஹிதி அப்போது பிரான்சின் காலனி. 'கடற்கரையில் தஹிதிப் பெண்கள்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தில் ஒருத்தி கழுத்து முதல் கால் வரை மூடிய இளஞ்சிவப்பு அங்கி அணிந்திருக்கிறாள். அது கிறித்தவ மிஷனரிகள் கொண்டுவந்த உடை. ஐரோப்பியர் கைபடாத சொர்க்கத்தைத் தேடிப் போனவரின் ஓவியத்திலேயே காலனியம் துணியாக உட்கார்ந்திருக்கிறது. சட்டம் போட்டு விற்கும்போது இந்த வயதும் இந்தப் பெயரும் இந்த வரலாறும் கூட வருவதில்லை. நிறம் மட்டும் வருகிறது.

கொகேனின் இந்தப் பெண்களைப் பாரிசில் ஓவியம் பயின்ற ஓர் இளம்பெண் கூர்ந்து பார்த்தாள். தந்தை பஞ்சாபி, தாய் ஹங்கேரியர். 1934இல், 21 வயதில், அம்ரிதா ஷெர்கில் 'தஹிதியப் பெண்ணாக என் தன்னுருவம்' என்ற ஓவியத்தை வரைந்தாள். இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், கொகேன் தன் பெண்களை நிறுத்திய இடத்தில் தன்னையே நிறுத்தினாள். ஆனால் அவளிடம் குழைவு இல்லை. முகம் இறுகியிருக்கிறது, கண்கள் நம்மைத் தவிர்த்து வேறெங்கோ பார்க்கின்றன. பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. அது கொகேனா, ஓவியம் பார்க்கும் எந்த ஆணுமா என்று அவள் சொல்லவில்லை. பழுப்புப் பெண்ணுடலை ரசிக்கும்போது யாரோ ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் ஓவியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டாள். இங்கே மாதிரியும் அவளே, தூரிகை பிடித்தவளும் அவளே.

மறு ஆண்டு, இந்தியா திரும்பியபின், 'மூன்று பெண்கள்' ஓவியத்தை வரைந்தாள். பம்பாய் கலைச் சங்கம் 1937இல் அதற்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. மூன்று இளம்பெண்கள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. தங்களைக் கேட்காமல் யாரோ எடுத்த முடிவு வந்து சேரட்டும் என்று காத்திருப்பவர்களைப்போல் இருக்கிறார்கள். நம் ஊரில் பெண் பார்க்க வரும் நாளின் பின்கட்டு அறையை அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் புதிதல்ல.

ஷெர்கில்லின் படைப்புகளில் வரவேற்பறைக்கு விரும்பி வாங்கப்படுவது இந்த 'மூன்று பெண்கள்'தான். நிழல் விழுந்த தஹிதியப் பெண் அவ்வளவு எளிதில் ஹாலுக்கு வருவதில்லை. காரணம் ஆடையின்மை மட்டும்தானா? கொகேனின் அரைநிர்வாணப் பெண்களை உணவகங்களும் விடுதிகளும் கூச்சமில்லாமல் மாட்டுகின்றன. ஆண் வரைந்தால் அது 'கலை', தீவின் வெகுளித்தனம். பெண் தன் உடலைத் தானே வரைந்து, பார்ப்பவனின் நிழலையும் சேர்த்து வரைந்தால் வந்த விருந்தாளிக்குச் சங்கடம். தலை குனிந்த மூவரோ யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. அவர்களுடைய காத்திருப்பின் கனம் அச்சில் 'அமைதி' என்று பெயர் மாறிவிடுகிறது. அதை மாட்டிய ஹாலிலேயே அந்த வீட்டு மகளையும் ஒருநாள் தலை குனிந்து உட்காரச் சொல்ல முடிகிறது. சுவரும் வீடும் ஒன்றையொன்று உறுத்துவதில்லை.

ஷெர்கில் மீதும் விமர்சனம் உண்டு. வசதியான குடும்பத்திலிருந்து வந்து ஏழைகளின் துயரத்தை அழகாக்கினார் என்பார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் 28 வயதில் இறந்துபோன அந்தப் பெண், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைத் தன் உடலை வைத்தே எழுப்பினாள் என்பதை மறக்கக் கூடாது. அவள் 1941இல் இறந்தாள். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிட்டது. யாரும் அச்சிடலாம், விற்கலாம், சட்டத்துக்கு ஏற்ப ஓரத்தை வெட்டலாம். வெட்டப்பட்டதைத் திரும்பக் கேட்கும் வேலை வாங்குகிற நம்முடையது.

பிரதிகளைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் படிப்போம் என்கிறேன். வரைந்தவர் யார், வரையப்பட்டவள் யார், அவளுக்கு என்ன வயது, அவளுக்குச் சம்மதமா என்று நான்கு கேள்விகளை ஒவ்வொரு படத்திடமும் கேட்கலாம். ஓவியப் பாடம் நடத்தும் ஆசிரியைகள் இதை வகுப்பிலேயே கேட்கலாம். விடை கிடைத்தால் படத்தைத் திருப்பி, பின் அட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள்: தெஹாமனா, வயது 13. தூசி தட்ட அந்தப் படத்தை இறக்குவது எப்படியும் அந்த வீட்டுப் பெண்தான். அவள் கண்ணில் படட்டும்.