ஒரே பெயரில் இரண்டு படி



உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்னாளில் ஊருக்கு ஊர் படி மாறும் என்பார்கள். ஓர் ஊர்ச் சந்தையில் 'ஒரு படி அரிசி இன்ன விலை' என்று பேசி முடித்துவிட்டு, அடுத்த ஊரில் அதே ஒரு படியை அளந்து வாங்கினால் இரண்டு கை கூடும் அல்லது குறையும். விற்றவரும் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. இருவர் வாயிலும் ஒரே சொல். கையில் வெவ்வேறு பாத்திரம். 1956-ஆம் ஆண்டில் எடை, அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை மெல்ல மெல்ல வேரூன்றிய பிறகே இந்தத் தகராறு அடங்கியது.

தொலைபேசிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில் இந்தப் படித் தகராறு இன்றும் உயிரோடு இருக்கிறது. மேலூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் மதுரை கீழமாசி வீதிக் கடைக்காரரோடு கைபேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குரல் கைபேசியிலிருந்து கோபுரத்தின் உச்சியிலுள்ள ரேடியோக் கருவிக்கும், அங்கிருந்து கோபுரத்தின் அடியிலுள்ள கருவிக்கும், பிறகு வலையமைப்பின் மையக் கணிப்பொறிகளுக்கும் போகிறது. கடைக்காரர் வேறு நிறுவனத்தின் சந்தாதாரராக இருந்தால் அந்த வலையமைப்புக்குள் நுழைந்து, இன்னொரு கோபுரத்தின் வழியாக அவர் காதில் விழுகிறது. இத்தனை கருவிகளையும் ஒரே கம்பெனி செய்து விற்பதில்லை. ஆகவே எல்லாரும் ஒரே விதிநூலைப் பின்பற்ற வேண்டும் என்று சர்வதேச அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன.

விதிநூல் இருக்கும்போது தகராறு ஏன்? ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு கருவி கேள்வி கேட்டுவிட்டு, விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதில் விதிநூல் சற்று இடம் விட்டிருக்கும். ஒரு கம்பெனி அந்த நேரத்தைக் குறைத்து வைக்கும். மற்றொன்று நிதானமாக விடை அனுப்பும். விடை வந்து சேருமுன்பே, கேட்ட கருவி 'மறுமுனையில் ஆள் இல்லை' என்று முடிவு கட்டி இணைப்பை அறுத்துவிடும். இரண்டையும் தனித்தனியே சோதித்தால் இரண்டும் விதிப்படி தேறிவிடும். சேர்த்து வைத்தால்தான் குட்டு வெளிப்படும். எனவேதான் தனித் தேர்வு போதாது, இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இதைப் பொறியாளர்கள் இன்டர்ஆப்பரபிலிட்டி சோதனை என்பர்; நாம் ஒத்தியங்கு சோதனை எனலாம்.

போட்டிக் கம்பெனிகள் தங்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி இப்படிச் சோதித்துக்கொள்வது தொழிலுலகின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி 'பிளக்டெஸ்ட்ஸ்' என்ற பெயரில் பல ஆண்டுகளாக இதை நடத்தி வருகிறது. 2018-இல் தோன்றிய ஓ-ரான் கூட்டணியும் பல நாடுகளில் நடத்துகிறது. இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தது. இம்முயற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இவற்றின் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேலூர் நினைவு வருகிறது.

மேலூர் எங்கே வந்தது?

1990-களில் நம் நாட்டுத் தொலைபேசி நிலையங்கள் பல தேசத்துச் சரக்குகளாக இருந்தன. பிரெஞ்சு வழிவந்த இ-10பி ஒருபுறம், ஜெர்மானிய இ.டபிள்யூ.எஸ்.டி. ஒருபுறம், நம் சி-டாட் ஒருபுறம். நிலையத்திலிருந்து வீடு வரையிலான கருவிகளையும் நிலையத்தைச் செய்த கம்பெனியிடமே வாங்க வேண்டியிருந்தது. ஏனெனில் நிலையமும் அந்தக் கருவிகளும் பேசிக்கொண்ட மொழி அந்தக் கம்பெனியின் சொந்த மொழி. ஒரு வீட்டில் பெண் எடுத்தால் பாத்திர பண்டங்களையும் அந்த வீட்டிலேயே வாங்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு!

இந்தப் பூட்டைத் திறந்த சாவிக்கு வி5.2 என்று பெயர். ஐரோப்பாவில் 1990-களின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்ட இந்த விதி, யார் செய்த நிலையத்தோடும் யார் செய்த வீட்டுப்பக்கக் கருவியையும் இணைக்கலாம் என்றது. நொடிக்குச் சுமார் 20 லட்சம் பிட் செல்லும் இணைப்புகள் பதினாறு வரை பயன்படுத்தலாம். எந்த அழைப்புக்கு எந்தத் தடம் என்பதை இரு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளும்.

வி5.2 இல்லாவிட்டால் சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் அமைப்புக்கு வாழ்வே இல்லை. பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, டிமோத்தி கொன்சால்வஸ் ஆகியோரின் குழு, மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து இதை உருவாக்கியது. தாமிரக் கம்பிக்குப் பதிலாக 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலை. கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் எட்டும். இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். பேச்சும் இணையமும் ஒருங்கே கிடைக்கும். சென்னையில் பிறந்த கருவி ஒன்று வெளிநாட்டு நிலையத்தின் வாசலில் போய் நிற்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அந்தப் பொது விதி. எனினும் விதி ஒன்று, நிலைய வகைகளோ பல. ஒவ்வொன்றோடும் உட்கார்ந்து பேசிப் பார்த்தால்தான் இரு பக்கமும் ஒரே படியால் அளக்கிறார்களா என்பது தெரியும்.

இந்தக் கார்டெக்ட்தான் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் மேலூர் வட்டத்துக்கு வந்தது. 'சாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள், என்-லாக் நிறுவனம் எனப் பலரும் கூட்டுச் சேர்ந்திருந்தனர். சமவெளி என்பதால் அலைக்கு வசதி. நொடிக்கு 35 அல்லது 70 ஆயிரம் பிட் வேகம். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள், அன்று அது பெரிது. சிற்றூர்களில் இணையக் கூடங்கள் திறக்கப்பட்டன. சிலவற்றைத் தானம் அறக்கட்டளை நடத்தியது. கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைச் சிறு காமிராவால் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடத்திலிருந்தே விண்ணப்பம் போயிற்று. பஸ் பிடித்து மேலூருக்குப் போய், அதிகாரி இல்லையென்று திரும்பி வந்த கூலி ஆட்களுக்கு அது எத்தனை நாள் கூலி மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு நடந்ததுதான் விஷயம். ஆதரவு காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். விண்ணப்பங்களுக்கு மறுமொழி நின்றது. வருமானம் குறைந்தது. பழுது பார்க்கவும் போதிய துணை இல்லை. 2005-ஆம் ஆண்டுக்குள் தனியார் நடத்திய கூடங்களில் பாதிக்கு மேற்பட்டவை மூடப்பட்டுவிட்டன. கருவியும் கருவியும் சேருமிடத்தை உலகத்தரத்தில் வகுத்தாயிற்று. கூடமும் அலுவலகமும் சேருமிடத்தை யாரும் சோதிக்கவில்லை. கேள்விக்கு விடை எத்தனை நாளில் வர வேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

(இடையில் ஒரு வார்த்தை: அதே காலத்தில் தமிழ் எழுத்துருக்களும் இப்படித்தான் இருந்தன. டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் தட்டிய கடிதம் மற்றவர் திரையில் கோழி கிளறியது போல விழும். கம்பி சேர்ந்தாலும் எழுத்து சேரவில்லை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகே அரசுக் கடிதங்களுக்கு விடிவு பிறந்தது.)

குறை எங்கே?

இன்றைய கூட்டுச் சோதனைகள் மீது என் குறை இதுதான்: அவை சோதனைக் கூடத்தின் சுவரோடு நின்றுவிடுகின்றன, முடிவுகளும் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. பத்துக் கம்பெனிகள் கூடி நூறு இணைகளைச் சோதித்தால், இத்தனை விழுக்காடு வெற்றி என்ற மொத்தக் கணக்கு மட்டுமே வெளியே வரும். எந்தக் கம்பெனியின் கருவி எதனோடு பேச மறுத்தது என்பது இரகசியம். அதற்கு ஒப்பந்தமே உண்டு. 'பெயரை வெளியிட்டால் எவரும் வரமாட்டார்கள், வந்தால்தானே குறையைத் திருத்த முடியும்?' என்று பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கம்பெனிகள் தம் செலவில், தமக்குள் நடத்தும் ஒத்திகைக்கு அந்த நியாயம் பொருந்தும். ஆனால் அதே வெற்றிக் கணக்கைக் காட்டிப் பொதுப்பணத்தில் கருவி விற்க வரும்போது பொருந்தாது. வாங்குகிறவனுக்குத் தேவை மொத்த விழுக்காடு அன்று. தான் வாங்கப்போகும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசுமா என்பதே.

சிறிய அளவில் இதை நானே அனுபவித்தேன். என் வீட்டு இணையம் ஒரு மாதம் விட்டு விட்டு வந்தது. இணைப்புக் கொடுத்தவர் 'பெட்டியில் கோளாறு' என்றார். பெட்டி விற்றவர் 'லைனில் கோளாறு' என்றார். இரண்டு பேரும் தத்தம் கருவியைச் சோதித்து, சரியாக இருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரவழைத்த பிறகுதான் குறை அகப்பட்டது. ஒரு வீட்டுக்கு இது எரிச்சல். ஒரு நாட்டு வலையமைப்புக்கு?

பிஎஸ்என்எல்லின் 4ஜி கதையைப் பாருங்கள். கோபுரத்து ரேடியோ தேஜஸ் நிறுவனத்தினுடையது, மையம் சி-டாட்டினுடையது, இரண்டையும் இணைக்கும் பொறுப்பு டிசிஎஸ்ஸினுடையது. மூன்று வீட்டுச் சமையல் ஒரே பந்தியில். சண்டிகர், அம்பாலாப் பகுதிகளில் முன்னோட்டச் சோதனை நடந்து, பல முறை தள்ளிப்போய், 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நாடு தழுவிய தொடக்க விழா நடந்தது. உள்நாட்டிலேயே செய்து முடித்தது பெருமைதான். ஆனால் தனியார் வலையமைப்புகள் 4ஜியைத் தாண்டி 5ஜிக்குப் போன பிறகும் சிற்றூர்ச் சந்தாதாரர் காத்திருந்தார் என்பதும் உண்மை. அந்தக் காத்திருப்பின் விலையை எந்தச் சோதனை அறிக்கையிலும் காண முடியாது.

சோதனைக்கு எடுக்கும் நிலைமையும் யாருடையது என்று கேட்க வேண்டும். 5ஜிக்கான உலக அளவுகோலில் நாட்டுப்புறம் என்றால் கோபுரத்துக்குக் கோபுரம் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். மேலூர்ப் பக்கம் வந்து பார்த்தவர் யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார். நம் நாட்டுக் குழுவினர் வாதாடி, 6 கிலோமீட்டர் இடைவெளியும் சேர்க்கச் செய்தார்கள். இதைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த இடைவெளியைச் சமாளிக்க 5ஜிஐ என்ற இந்தியத் தரத்தையும் வகுத்தார்கள். கைபேசி தன் சக்தியைச் சிக்கனமாகச் செலவிட்டுத் தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டும் உத்தி அதில் இருந்தது. உத்தி நல்லது, தனித் தரமாக வைத்ததுதான் தவறு. உலகத்துக் கைபேசி ஒன்று, இந்தியக் கோபுரம் வேறொன்று என்று ஆகியிருந்தால், மறுபடியும் இரண்டு படி! நல்லவேளையாக, பலத்த விவாதத்துக்குப் பின் அதன் கூறுகள் 3ஜிபிபி என்ற உலக அமைப்பின் பதினேழாம் வெளியீட்டில் கலந்துவிட்டன.

2022 மே 17 அன்று தொடங்கப்பட்ட 5ஜி சோதனைத் தளத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 220 கோடி ரூபாயில் உருவாக்கின. புதிய கம்பெனிகள் வெளிநாடு போகாமல் தம் கருவியை இங்கேயே சோதிக்கலாம். இது பொதுப்பணம். ஆகவே எந்த இணை தேறியது, எந்த இணை தவறியது, எந்த மென்பொருள் பதிப்பில் என்ற அட்டவணையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. மென்பொருளை மாற்றினால் தேறிய இணையும் தவறலாம் என்பதால், அந்த அட்டவணையில் தேதியும் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்பேன். குளிரூட்டிய அறையில் பத்துக் கைபேசிகளோடு தேறிய இணையை ஒருமுறை மதுரைக்குக் கொண்டுவாருங்கள். அழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆற்றங்கரையில் இலட்சக்கணக்கானோர் கூடுவார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு 'டவர் இல்லையே' என்று தவிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் கருவி கொதிக்கும். ஒரு கோபுரம் நிரம்பியதும் அழைப்பை அடுத்த கோபுரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஒன்று ஒரு கம்பெனியினுடையது, மற்றது வேறொரு கம்பெனியினுடையது. அந்த ஒரு பகலின் பதிவேட்டை அப்படியே அச்சிட்டுத் தரட்டும். அடுத்த ஆண்டு எதை வாங்குவதென்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.