உதிரிகள் போக எத்தனை?

மேல்மலையனூர் அங்காளபரமேஸ்வரி சந்நிதியில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் நடந்துகொண்டிருந்த வேளையில், எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கும் கடையொன்றின் ஓரத்தில், குங்குமம் படிந்த சிறு ஒலிப்பெட்டி, பம்பை முழக்கத்தையும் மீறி இருபது ரூபாய் வரவை அறிவித்துக்கொண்டிருந்தது. "அந்தச் சத்தம் வந்தாப் போதுங்க, போனைப் பாக்காமலே அடுத்த ஆளுக்குப் பழம் எடுத்துடுவேன்" என்றார் கடைக்கார அம்மாள்.

பேடிஎம் பங்கை வாங்கலாமா என்று நண்பர்கள் வினவும்போதெல்லாம் அந்தப் பெட்டியே என் நினைவுக்கு வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே செலுத்தப்படும் தொகைக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிக்கலாகாது என்ற விதி 2020 ஜனவரி முதல் அமலில் இருப்பதால், அந்த இருபது ரூபாயில் இத்தகைய நிறுவனங்களுக்குத் தரகு இல்லை. பெட்டியின் மாத வாடகையும், வணிகர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து பெறும் கூலியும் அவற்றின் பிரதான ஜீவனங்களில் அடங்கும்.

கிரிக்கெட் ஆட்டங்களை அலசுகிற எனக்கு, அணியின் மொத்தத்தை மெச்சுமுன் உதிரி ஓட்டங்களைக் கழித்துப் பார்ப்பது பழக்கம்; இந்தப் பங்கின் கணக்கையும் அப்படியே பார்க்கிறேன். 2021 நவம்பரில் 2,150 ரூபாய் விலையில் களமிறங்கிய இப்பங்கு முதல் நாளிலேயே 27 விழுக்காடு சரிந்தது; 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி விதித்த தடையோ, நிலைகுலைந்திருந்த ஆட்டக்காரருக்கு நேர்ந்த பெருங்காயம். அதன்பின், அதே ஆண்டு செப்டம்பர் காலாண்டில் 930 கோடி லாபம் என்ற செய்தி பலரைப் பரவசப்படுத்திற்று. ஆனால் அது சினிமா டிக்கெட் வியாபாரத்தை ஜொமேட்டோவுக்கு 2,048 கோடிக்கு விற்றதனால் வந்தது, மட்டையில் பட்டு வந்த ஓட்டமன்று.

2025 ஜூன் காலாண்டின் 122 கோடி லாபத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. முந்திய ஆண்டின் அதே காலாண்டில் நஷ்டம் ஏறத்தாழ 840 கோடி என்பதை நினைத்தால், இந்த மீட்சியை மனமாரப் பாராட்டவே வேண்டும். எனினும் வட்டி, தேய்மானம், வரி இவற்றுக்கு முன் தொழிலே ஈட்டியது 72 கோடிதான். லாபத்தைத் தாங்கி நின்றது கையிருப்புப் பணத்தின் வருவாய் முதலான பிற வருமானம். அதையும் உதிரிக் கணக்கில் சேர்ப்பவன் நான். ஆகவே அந்தத் துணையின்றியும் சில காலாண்டுகள் லாபம் நிலைக்கக் காணும்வரை, சேமிப்பைக் கொண்டு இப்பங்கை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நடை சாத்தும் நேரத்தில் அந்த அம்மாளிடம் வாடகை கட்டுப்படியாகிறதா என்று கேட்டேன். அமாவாசைக்குக் குறையில்லையென்றும், மற்ற நாட்களில்தான் யோசனையாக இருக்கிறதென்றும் சொல்லி, பெட்டியைத் துணியால் துடைத்து வைத்தார்.