ஒட்டகத்துக்கு முகமுண்டு, ஓட்டியவருக்கு?

அவுஸ்திரேலியத் தங்க வேட்டைக் காலத்துப் பழைய அச்சுப் படங்களை அந்நாட்டு நூலகங்கள் இணையத்தில் இட்டுள்ளன. வவுனியாவில் இருந்தபடியே பார்க்கலாம். நம்மவர் சிலர் தலைப்பாகையும் ஒட்டகமும் தெரியும் படங்களை மட்டும் எடுத்து, ‘முஸ்லிம் முன்னோடிகள்’ என்று எழுதிப் பகிர்கிறார்கள். படத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் பகிரலாமே என்பதுதான் என் கட்சி.

எஸ்.ரி. கில் என்ற ஓவியரை முதலில் பார்ப்போம். விக்டோரியாவில் 1851இல் தங்கம் கிடைத்தது. மறுவருடமே சுரங்க வெளிகளை வரைந்து வெளியிட்டுவிட்டார். அவருடையவை கல்லச்சுகள். சும்மா சொல்லக் கூடாது, மனுசனுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. 1854இல் கொப் அன்ட் கோவின் குதிரை வண்டிகள் மெல்பேர்னிலிருந்து ஓடத் தொடங்குமுன் ஆக்கள் மூட்டையோடு நடந்தே போனார்கள். மாட்டு வண்டிகள் சேற்றில் புதைந்தன. அந்தக் களைப்பு கில்லின் கோட்டில் இருக்கிறது. நடப்பவனுக்கு ஒரு முகமும் இருக்கிறது.

பத்திரிகைகளின் மரச்செதுக்குகள் வேறு ரகம். பெரிய படமென்றால் பலகையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலர் வெட்டுவார்கள். முகங்கள் மூத்த கைகாரரிடம் போகும். ஆகவே யாருக்கு முகம் கிடைத்தது என்பது அங்கே தற்செயல் அல்ல. 1860இல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களும் ஓட்டிகளும் மெல்பேர்ன் வந்து, பேர்க், வில்ஸ் ஆகியோரின் பயணத்தோடு புறப்பட்டபின், ஒட்டகம் ஓவியர்களுக்குப் பிடித்துப் போயிற்று. உதடு, முழங்கால், சேணம் எல்லாம் கவனமாக விழுகின்றன. கயிறு பிடித்து நடப்பவருக்கோ நான் பார்த்த பல படங்களில் தலைப்பாகையும் இரண்டு கீறலுந்தான்.

மேற்கில் கூல்கார்டியிலும் (1892) கல்கூர்லியிலும் (1893) தங்கம் கிடைத்தபோது தண்ணீர் இல்லாத அந்த நிலத்தில் உணவும் பொருளும் ஒட்டகத்தில்தான் போயின. ஃபைஸ் முஹம்மத், தாக் முஹம்மத் சகோதரர்கள் பெரும் ஒட்டக வியாபாரிகளானார்கள். ஆனால் தங்கம் தோண்டும் உரிமம் ஆசியருக்கு இல்லை. பலூச்சி, பஞ்சாபி, சிந்தி என்று வந்தவர்களுக்கெல்லாம் ‘ஆப்கான்’ என்ற ஒரே பெயர். செதுக்குளியும் அந்தப் பெயரைத்தான் திரும்ப எழுதியது.

எங்கட கதையும் தூரமில்லை. கண்டி இராச்சியத்தில் உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றிப் பாக்கோடு இறங்கிய தவளம் மாடுகளுக்குப் பின்னால் நடந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

அந்தப் படங்களைப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டினால், செதுக்கியவனின் கண்ணையே நாமும் வாங்கிக்கொள்கிறோம். பேர்க்கின் பயணத்தில் போன தோஸ்த் முஹம்மதின் கை, ஒட்டகம் தாக்கிச் செயலிழந்தது. மெனின்டியில் அவருடைய கப்று இருக்கிறது. மூஸாகான் 1932இல் தொகுத்த, அவுஸ்திரேலிய இஸ்லாம் பற்றிய சிறு நூலில் பேர்த் பள்ளிவாசலை எழுப்பியவர்களின் பெயர்கள் உள்ளன. படத்தின் கீழே முதலில் அந்தப் பெயர்களைப் போடுங்கள்.