மண்பானை மின்சாரம்

அனந்தபுரம், செஞ்சி பக்கம் நெல் ஊறப்போட்ட ஆலைத் தண்ணீரின் வாடையைப் பலரும் அறிவார்கள். மஞ்சள் பாரித்து, மூக்கைத் துளைக்கும். அரிசி ஆலைக் கழிவுநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 2010இல் காட்டியது கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு. கருவி? மண்பானை!

பானைக்குள் பாக்டீரியா கழிவைத் தின்று எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் விடும். எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடும். புரோட்டான்கள் பானையின் நுண்துளைகளில் கசியும். வெளியே இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும்.

பானைக்குப் பதில் விலையுயர்ந்த சவ்வு வைத்த மின்கலத்தைவிட மண்பானைக் கலமே அதிக மின்திறன் தந்தது. ஒரு கலத்தில் ஒரு வோல்ட்கூட வராது; மிக்சி ஓடாது. ஆனால் தண்ணீர் தெளிகிறது. கோடையில் குடிநீரைக் குளிர்விக்கும் அந்தக் கசிவுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறதே, அதுதான் அழகு. பெருமையில் பாதி குயவருக்கு.